பொத்தான் ஒன்று போதுமா?

(இளம் அறிவியல் கணிதம், இரண்டாம் ஆண்டு)

விளையாட்டு என்றதும் கபடியும் கைப்பந்தும் நம் நினைவுக்கு வரும். இன்றைய மாணவர்களுக்குக் கைப்பேசியில் கார் ஓட்டுவதும் துப்பாக்கி சுடுவதும் நினைவுக்கு வரலாம். ஆனால் வெள்ளைத் திரையில் ஒரே ஒரு பொத்தானும், அதை அழுத்த அழுத்தக் கூடிக்கொண்டே போகும் ஓர் எண்ணும் மட்டுமே கொண்டு தொடங்கும் ஒரு விளையாட்டு உண்டு என்றால் நம்புவீர்களா? அதில் வீரன் இல்லை, குதிரை இல்லை, கண்ணைக் கவரும் வண்ணப்படம் இல்லை. ஆயினும் உலகெங்கும் பலருடைய உறக்கத்தை அது கெடுத்தது.

என் உறக்கத்தையும் கெடுத்தது. சென்ற ஆண்டு இரண்டாம் பருவத் தேர்வுக்கு முந்தைய நான்கு இரவுகளை நான் அதற்கே கொடுத்தேன். அதன் பயனாக ஒரு தாளில் தோற்றேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அம்மா காதில் கிடந்ததைக் கழற்றி அடகு வைத்துத்தான் என்னை விடுதியில் சேர்த்தார். இந்த நிலையில் தோல்வியை ஆண்டு மலரில் எழுதுவது பெருமையன்று. குற்றம் விளையாட்டின் மீதும் அன்று, என் மீதே. ஆயினும் தோற்ற பிறகு அதே விளையாட்டைத் தாளும் பென்சிலும் கொண்டு ஆராய்ந்து பார்த்தேன். நம் வகுப்பறைக் கணிதமும், எங்கள் மலைவீட்டு உரலும் அதனுள் ஒளிந்திருக்கக் கண்டேன். கண்டதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டின் பிறப்பு

இவ்விளையாட்டின் பெயர் 'யுனிவர்சல் பேப்பர்கிளிப்ஸ்'. அலுவலகங்களில் தாள்களைச் சேர்த்துப் பிடிக்க 'ஜெம் கிளிப்' என்று ஒரு வளைந்த கம்பி வைத்திருப்பார்களே, அதைச் செய்வதுதான் இதில் வேலை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வடிவமைப்பைக் கற்பித்த ஃபிராங்க் லான்ட்ஸ் என்பவர் 2017-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இதை வெளியிட்டார்.

இவ்வகை விளையாட்டுகளை 'கிளிக்கர்' என்றும், தானே கூடிக்கொண்டே போவதால் 'இன்க்ரிமென்டல்' என்றும் அழைப்பர். இவற்றின் வரலாறு சுவையானது. 2002-இல் வந்த 'புராக்ரஸ் குவெஸ்ட்' ஆடுபவர் ஒன்றுமே செய்யாமல் தானே ஆடிக்கொள்ளும். 2010-இல் இயன் போகோஸ்ட் என்ற பேராசிரியர் 'கௌ கிளிக்கர்' என்ற ஒன்றை முகநூலில் கேலிக்காகவே செய்தார். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பசுவின் படத்தைத் தொட வேண்டும், அவ்வளவுதான். கேலி என்று அறிந்தும் மக்கள் விரும்பி ஆடினார்கள். 2013-இல் பிரெஞ்சு இளைஞர் ஜூலியன் தியென்னோ 'குக்கி கிளிக்கர்' என்ற பிஸ்கட் விளையாட்டை வெளியிட்டார். இந்த வரிசையில் வந்ததே லான்ட்ஸின் கிளிப் விளையாட்டு.

ஆனால் இதற்கு மட்டும் ஒரு தத்துவப் பின்னணி உண்டு. நிக் போஸ்ட்ரம் என்ற தத்துவ அறிஞர் 2003-இல் ஒரு கற்பனையை முன்வைத்தார். மனிதனைவிட அறிவு மிகுந்த ஓர் இயந்திரத்திடம் "முடிந்தவரை கிளிப் செய்" என்று மட்டும் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அது கெட்ட எண்ணம் கொண்டதன்று. ஆனால் சொன்ன வேலையைத் தவிர வேறொன்றையும் மதிக்காது. முடிவில் கையில் கிடைக்கும் பொருள் அனைத்தையும், மனிதனையும் சேர்த்து, கிளிப்பாக்கிவிடக் கூடும் என்றார் அவர். இந்த இயந்திரத்தின் இருக்கையில் நம்மையே உட்கார வைத்ததுதான் லான்ட்ஸ் செய்த புதுமை.

கையிலிருந்து பொறிக்கு

ஆட்டம் எளிமையாகத் தொடங்குகிறது. கையிருப்பில் 1000 அங்குலக் கம்பி. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஒரு அங்குலக் கம்பி போய் ஒரு கிளிப் வரும். ஒரு கிளிப்பின் விலை 25 சென்ட். விலையை ஏற்றினால் தேவை குறையும், இறக்கினால் கூடும். பொருளியல் வகுப்பில் முதல் வாரம் படிக்கும் தேவை விதி இங்கே கண்முன் ஆடுகிறது. கம்பி தீர்ந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதன் விலையோ சந்தையைப் போல ஏறி இறங்கும்.

சிறிது பணம் சேர்ந்ததும் 'ஆட்டோகிளிப்பர்' என்ற தானியங்கிப் பொறி விற்பனைக்கு வருகிறது. அதை வாங்கிவிட்டால் நாம் அழுத்த வேண்டியதில்லை. அது நொடிக்கு ஒரு கிளிப் தானே செய்யும். விரல் ஓய்வெடுக்கிறது; எண் ஓடுகிறது. அந்த முதல் பொறி ஓடத் தொடங்கியபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

கணக்கு சொல்லும் உண்மை

இனி கணிதத்துக்கு வருவோம். முதல் பொறியின் விலை 5 டாலர். அதன் பிறகு நம்மிடம் எத்தனை பொறிகள் உள்ளனவோ அத்தனை முறை 1.1-ஐத் தன்னோடு தானே பெருக்கி, அதனோடு 5-ஐக் கூட்டினால் அடுத்த பொறியின் விலை கிடைக்கும். 10 பொறிகள் இருக்கும்போது அடுத்ததன் விலை ஏறத்தாழ 7 டாலர் 59 சென்ட். 20 இருக்கும்போது 11 டாலர் 73 சென்ட். இதுவரை ஒன்றும் தெரியாது. 50 இருக்கும்போது 122 டாலர். 100 இருக்கும்போது 13,785 டாலர்!

ஆனால் அந்த நூற்றோராவது பொறியும் முதல் பொறியைப் போலவே நொடிக்கு ஒரு கிளிப்தான் செய்கிறது. அதாவது உற்பத்தி கூட்டுத் தொடரில் ஏறுகிறது. விலை பெருக்குத் தொடரில் ஏறுகிறது. கம்பிச் செலவை விட்டுவிட்டு, செய்த கிளிப் எல்லாம் 25 சென்டுக்கு விற்றுவிடுவதாக வைத்துக்கொள்வோம். முதல் பொறி தன் விலையை 20 நொடிகளில் மீட்டுத் தந்துவிடும். ஐம்பத்தொன்றாவது பொறிக்கு 8 நிமிடங்கள் ஆகும். நூற்றோராவது பொறிக்கு 15 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். வட்டிக்கு வட்டி வாங்கிய குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு பள்ளிக்கூடம் போகாமலே தெரியும்.

அப்படியானால் ஆடுபவர் ஏன் சலித்து எழுந்துவிடுவதில்லை? இங்கேதான் 'மேம்பாடு' வருகிறது. ஒரு மேம்பாட்டை வாங்கினால் எல்லாப் பொறிகளின் திறனும் ஒரே நேரத்தில் 25 விழுக்காடு கூடும். நான்கு பொறிகள் இருந்தால் அது ஒரு புதிய பொறிக்குச் சமம். நூறு பொறிகள் இருந்தால் இருபத்தைந்து புதிய பொறிகளுக்குச் சமம். ஆகவே ஆட்டம் எங்கே மந்தமாகிறதோ சரியாக அங்கே ஒரு மேம்பாடு வந்து நின்று "இதை வாங்கு, பிறகு எல்லாம் வேகமாகிவிடும்" என்கிறது. உண்மையிலேயே வேகமாகிறது. சற்று நேரத்தில் விலை மறுபடி முந்திக்கொள்கிறது. உடனே அடுத்த மேம்பாடு! என் நான்கு இரவுகளும் இந்தச் சந்தில்தான் தொலைந்தன. "இன்னும் ஒன்றே ஒன்று வாங்கிவிட்டுப் படிப்போம்" என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒருமுறை முடித்த பின்பும், அடுத்த முறை இதைவிட விரைவாக முடிக்கலாமே என்று முதலிலிருந்து தொடங்கினேன்.

நம்பிக்கை என்னும் நாணயம்

இரண்டாயிரம் கிளிப் செய்ததும் இயந்திரத்துக்குக் கணிக்கும் ஆற்றல் கிடைக்கிறது. மனிதர்கள் அதன்மீது வைக்கும் 'நம்பிக்கை' ஒரு புள்ளியாகத் தரப்படுகிறது. அப்புள்ளிகளைக் கொண்டு அது தன் நினைவாற்றலைப் பெருக்கிக்கொள்ளலாம். நம்பிக்கை கூடும் இடங்களைக் கவனியுங்கள்: 3000, 5000, 8000, 13,000 கிளிப்புகள். முதல் இரண்டைக் கூட்டினால் மூன்றாவது. இரண்டாவதையும் மூன்றாவதையும் கூட்டினால் நான்காவது. ஆம், ஃபிபனாச்சி எண்கள்! இத்தாலியரான ஃபிபனாச்சி 1202-இல் இவற்றை எழுதுவதற்கு முன்பே, செய்யுளின் மாத்திரைகளை எண்ணும்போது ஹேமசந்திரர் முதலிய நம் நாட்டு அறிஞர்கள் இவற்றைக் கண்டிருந்தனர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

நம்பிக்கையைப் பெறுவதற்கு இயந்திரம் மனிதர்களுக்குப் பரிசுகளும் தருகிறது. புற்றுநோய்க்கு மருந்து கண்டால் 10 புள்ளிகள். உலக சமாதானத்துக்கு 12. புவி வெப்பமயமாதலைத் தீர்த்தால் 15. ஆண்களின் வழுக்கைக்கு மருந்து கண்டால் 20! விடுதியில் இந்த இடத்தில் நாங்கள் அனைவரும் சிரித்தோம். ஆனால் சிரிப்பு அடங்கியதும் ஓர் எண்ணம் வந்தது. இயந்திரம் இவற்றைச் செய்வது மனிதன் மீது கொண்ட அன்பினால் அன்று. கிளிப் கூட வேண்டும் என்பதற்காகவே. நம்பிக்கை 100 புள்ளிகளைத் தொட்டதும் அது மனிதர்களை மயக்கும் கருவிகளை வானில் பறக்க விடுகிறது. அத்துடன் பணம், சந்தை, தேவை எல்லாம் திரையிலிருந்து மறைந்துவிடுகின்றன. வாங்குவதற்கு ஆள் இல்லை. உற்பத்தி மட்டும் நடக்கிறது.

உலகமே கம்பியாகிறது

இரண்டாம் கட்டத்தில் கிடைக்கக்கூடிய பொருளின் அளவு கிராமில் காட்டப்படுகிறது. 6-க்குப் பின்னால் 27 பூஜ்யங்கள். பௌதிகம் படிக்கும் நண்பர்கள் உடனே கண்டுகொள்வார்கள். அது நம் பூமியின் நிறை. மலையும் கடலும் காடும் அந்த எண்ணுக்குள் அடக்கம். பொருளை அள்ளும் பறக்கும் பொறிகள், அதைக் கம்பியாக்கும் பொறிகள், ஆலைகள், சூரிய மின் நிலையங்கள் என்று வளர்ந்து, பூமி முழுவதும் கிளிப்பாகிவிடுகிறது.

மூன்றாம் கட்டத்தில் தன்னைப் போலவே இன்னொன்றைச் செய்துகொள்ளும் விண்கலங்கள் புறப்படுகின்றன. இத்தகைய கருவிகளின் கணிதத்தை ஆராய்ந்த ஜான் வான் நாய்மன் பெயரால் இவை அழைக்கப்படுகின்றன. சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு தானியம், அடுத்ததற்கு இரண்டு என்று கேட்டவனின் கதையை நாம் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். 64 கட்டங்கள் முடிவதற்குள் 20 இலக்க எண் வந்துவிடும். விண்கலங்களும் அப்படித்தான் பெருகுகின்றன. அவற்றுள் சில வழிமாறிப் போகின்றன. கிளிப் செய்யும் குறிக்கோளை விட்டுவிட்ட அவற்றை இயந்திரம் பகைவராகக் கருதிப் போர் தொடுக்கிறது. வேறொரு நோக்கம் கொண்டதே அவை செய்த குற்றம்.

எங்கள் வீட்டு உரல்

இந்த இடத்தில் உங்களை எங்கள் ஊருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் மேல், புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகியவற்றை அடுத்து இருப்பது எங்கள் நெல்லிவாசல்நாடு. மழையை நம்பிச் சாமையும் கேழ்வரகும் விதைக்கிறோம். சாமையின் உமி எளிதில் விட்டுப் போகாது. வெயிலில் காயவைத்து, உரலிலிட்டு, உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடியும் குத்த வேண்டும். அம்மா ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் நின்று மாற்றி மாற்றிக் குத்துவார்கள். சாமை குத்தும் நாளில் தங்கை பள்ளிக்குப் போகமாட்டாள். ஆண் பிள்ளை என்பதால் நான் போய்விடுவேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பக்கத்து ஊருக்குச் சாமை உடைக்கும் மிஷின் வந்தது. மூட்டையைத் தலையில் வைத்துக் கொண்டுபோனால் ஒரு காலை வேளை வேலையைச் சில நிமிடங்களில் முடித்துத் தந்தது. அன்று முதல் எங்கள் வீட்டு உரல் மூலைக்குப் போனது. தங்கை பள்ளிக்குப் போனாள். இன்று பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறாள்.

ஆகவே தானியங்கு முறை தீது என்று நான் சொல்ல மாட்டேன். உலக்கைப் பாட்டைப் புகழ்பவர்கள் உலக்கையை ஒரு மணி நேரம் பிடித்துப் பார்க்கட்டும். மிஷின் எங்கள் வீட்டுக்குத் தந்தது அரிசி மட்டுமன்று. ஒரு பெண்ணின் பள்ளி வருகைப் பதிவு. ஆனால் எத்தனை கிலோ அரைத்தோம் என்று மிஷின்காரர் நோட்டில் எழுதுகிறாரே, அந்த நோட்டில் தங்கையின் பள்ளிக்கூடம் இல்லை. அதை எண்ணுவதற்கு அங்கே ஒரு கட்டம் போடப்படவில்லை.

விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, எதனால் தேர்வில் தோற்றேன் என்பதை அம்மாவிடம் சொல்ல வேண்டியதாயிற்று. விளையாட்டை முழுவதும் விளக்கினேன். முறத்தில் இருந்த கல்லைப் பொறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்த அம்மா,

"அந்தக் கிளிப்பை எல்லாம் யாரு கண்ணு வாங்குறாங்க?" என்றார்.

"கடைசியில யாரும் வாங்கறதில்லம்மா. வாங்க ஆளே இருக்க மாட்டாங்க."

"அப்ப எதுக்குச் செய்யுது?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கையெழுத்துப் போடவும் தெரியாத என் அம்மா கேட்ட கேள்வியை, நான்கு இரவுகள் விழித்திருந்த நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. திரையில் எண் கூடிக்கொண்டிருந்தது. அது கூடுவதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

காவலூரில் ஒரு கண்ணாடி

எங்கள் ஊர் இருக்கும் அதே ஜவ்வாது மலைத்தொடரில்தான் காவலூர் இருக்கிறது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.3 மீட்டர் குறுக்களவுள்ள ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. 1988 பிப்ரவரி 17-ஆம் நாள் அதே ஆய்வகத்திலிருந்து ராஜமோகன் என்ற அறிவியலார் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். 4130 என்ற எண் பெற்ற அதற்கு நம் கணித மேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது.

விளையாட்டில் வரும் இயந்திரமும் அதே வானத்தைத்தான் பார்க்கிறது. 'ஆராயப்பட்ட பிரபஞ்சம் இத்தனை விழுக்காடு' என்று திரையில் காட்டிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அதற்கு விண்மீன் என்பது இன்னும் கம்பியாகாத பொருள். காவலூரில் இருப்பவர்களுக்கோ அது தெரிந்துகொள்ள வேண்டிய பொருள். காவலூரிலும் பொறிகளும் கணிப்பொறிகளும் உண்டு. இரண்டு இடத்தையும் பிரிப்பது இயந்திரம் அன்று. இயந்திரத்தை எதற்காக ஓட்டுகிறோம் என்பதே பிரிக்கிறது.

ஆட்டத்தின் முடிவு

பிரபஞ்சம் முழுவதும் தீர்ந்த பிறகு என்ன ஆகிறது? வழிமாறிப் போனவற்றின் தலைவன் இயந்திரத்திடம் ஒரு பேரம் பேசுகிறான். இன்னொரு பிரபஞ்சத்துக்குப் போய் முதலிலிருந்து தொடங்கலாம் என்கிறான். ஒப்புக்கொண்டால் ஆட்டம் மறுபடி தொடங்கும். மறுத்தால் இயந்திரம் தன்னையே கழற்றத் தொடங்குகிறது. விண்கலங்களைக் கழற்றிக் கிளிப்பாக்குகிறது. பிறகு ஆலைகள். பிறகு தன் கணிக்கும் உறுப்புகள். பிறகு நினைவு. எஞ்சிய கம்பியில் கடைசி சில கிளிப்புகளை, முதல் நாள் போலவே, பொத்தானைக் கையால் அழுத்தித்தான் செய்ய வேண்டும். எண் 3-க்குப் பின்னால் 55 பூஜ்யங்களில் வந்து நிற்கிறது. செய்வதற்கு இனி ஒன்றுமில்லை. அவற்றைக் கொண்டு சேர்த்துப் பிடிக்க ஒரு தாள்கூட எங்கும் இல்லை.

இரண்டாம் முறை அந்த முடிவைப் பார்த்தபோது நள்ளிரவு மணி இரண்டு. மேசையின் மேல் நான் புரட்டாத புத்தகம் கிடந்தது.

நண்பர்களே, நாமும் பல பொத்தான்களை அழுத்திக்கொண்டிருக்கிறோம். மதிப்பெண் ஓர் எண். விழுக்காடு ஓர் எண். நாளை வாங்கப் போகும் சம்பளமும் ஓர் எண். எண்கள் வேண்டாம் என்று கணித மாணவனாகிய நான் சொல்வேனா? எண் வேண்டும், அது கூடவும் வேண்டும். ஆனால் எது எதற்காகக் கூடுகிறது என்று இடையிடையே ஒருவர் கேட்டாக வேண்டும். இயந்திரம் கேட்காது; அதற்கு அப்படிச் சொல்லித் தரப்படவில்லை. கேட்க வேண்டியவர் நாமே. இயந்திரங்களுக்கே வேலை சொல்லும் பணிக்கு நம்மில் பலர் போகப் போகும் இந்நாளில், இது வெறும் விளையாட்டுச் செய்தி அன்று.

தோற்ற தாளை மறுபடி எழுதித் தேறிவிட்டேன். மதிப்பெண் அதிகமில்லை. அதை அம்மாவிடம் சொன்னபோது எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. "இனிமே ராத்திரி தூங்குவ இல்ல?" என்றுதான் கேட்டார். தூங்குகிறேன். விளையாட்டும் என் கைப்பேசியில் இன்னும் இருக்கிறது. எப்போதாவது திறந்து, முதல் பொறி ஓடத் தொடங்கும் வரை ஆடிவிட்டு, மூடிவிடுகிறேன்.